பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு: மருத்துவர் அபூபக்ர் ராஸியின் வாழ்வு

மதரஸாவில் ஓதியவர்களிடம் ராஸி என்று சொன்னால் உடனே நினைவுக்கு வருபவர் தஃப்ஸீருல் கபீர் எழுதிய இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்) அவர்கள்தான். அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்பு அதே ஊரில் பிறந்த இன்னொரு ராஸி இருந்தார். பட்டப்படிப்புக்காக வரலாறு படித்தபோது அவரைப் பற்றி என் பாடநூலில் இருந்தது ஒரே ஒரு வரி. ரய் என்ற ஊர்க்காரர்கள் எல்லாரும் ராஸிதான். திண்டிவனத்தார், செஞ்சியார் என்று நாம் சொல்வதைப் போல. அந்த ரய் நகரம் இன்று ஈரானின் தலைநகரான தெஹ்ரானோடு ஒட்டி, அதன் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

அபூபக்ர் முஹம்மது பின் ஸகரிய்யா அர்ராஸி ஹிஜ்ரி 251, ஷஅபான் மாதத்தில் பிறந்தார். கி.பி. கணக்கில் 865. பிறந்த நாளையும் இறந்த நாளையும் நமக்குக் குறித்துத் தந்தவர் அல்பீரூனி. ராஸி இறந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகு, அவர் எழுதிய நூல்களையெல்லாம் தேடிப் பட்டியல் போட்டவரும் அதே பீரூனிதான். பட்டியலில் 184 நூல்கள் இருக்கின்றன. பீரூனி போன்ற ஒரு பேரறிஞர் உட்கார்ந்து இன்னொருவரின் நூல்களை எண்ணிக் குறித்திருக்கிறார் என்றால், அந்த மனிதர் எத்தகையவர் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ராஸி பிறக்கும்போதே மருத்துவராகப் பிறந்தவரல்ல. இளமையில் ஊத் என்னும் நரம்பிசைக் கருவி வாசித்தார் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பிறகு ரசவாதத்தில் இறங்கினார். உலைகள், வடிகலங்கள், உப்புகள், உலோகங்கள் இவற்றைப் பற்றி அவர் எழுதிய கிதாபுல் அஸ்ராரைப் பார்த்தால், அது மந்திர நூல் போல இல்லை. ஒரு பட்டறைக்காரரின் கைக்குறிப்பு போல இருக்கிறது. எந்தப் பாத்திரம், எவ்வளவு நெருப்பு, எத்தனை நேரம் என்று எழுதிக்கொண்டே போகிறார். மருத்துவத்துக்கு அவர் வந்தது முப்பது வயதுக்குப் பிறகுதான் என்கிறார்கள். அலீ பின் ரப்பான் அத்தபரீயிடம் மருத்துவம் பயின்றார் என்று நம் மேடைகளிலும் சில புத்தகங்களிலும் சொல்லப்படுவதுண்டு. காலக்கணக்கு அதற்கு இடம் தராது. தபரீ இறந்தபோது ராஸி சிறு பிள்ளை.

ரய் நகர மருத்துவமனைக்குத் தலைமை ஏற்ற அவர், பிறகு பக்தாதிலும் ஒரு மருத்துவமனையை நடத்தினார். இங்கே அந்தப் புகழ்பெற்ற இறைச்சிக் கதையைச் சொல்லியாக வேண்டும். பக்தாதில் மருத்துவமனை கட்ட இடம் தேடியபோது, நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே அது தாமதமாகக் கெட்டுப்போனதோ அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது கதை. அழகான கதைதான். ஆனால் அது அளுதுத் தவ்லா கட்டிய மருத்துவமனையைப் பற்றிச் சொல்லப்படுவது. அந்த மருத்துவமனை திறக்கப்பட்டபோது ராஸி இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இந்தப் பொருத்தமின்மையை மருத்துவர்களின் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆவே கவனித்திருக்கிறார். நம் பெரியவர்களின் பெருமையைச் சொல்லக் கதைகளை நம்பியிருக்க வேண்டியதில்லை. அவர்கள் எழுதிவைத்ததே போதுமான அளவுக்கு இருக்கிறது.

இப்னுந் நதீம் தம் ஃபிஹ்ரிஸ்தில் ராஸியின் மருத்துவமனை எப்படி நடந்தது என்பதை, நேரில் கண்ட ஒரு முதியவர் சொன்னதாகப் பதிவு செய்திருக்கிறார். பெரிய தலை கொண்ட அந்த ஷைகு நடுவில் அமர்ந்திருப்பார். அவரைச் சுற்றி மாணவர்கள். அவர்களைச் சுற்றி அவர்களின் மாணவர்கள். அதற்கும் வெளியே இன்னும் சிலர். நோயாளி வந்தால் முதலில் வெளிவட்டத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் அடுத்த வட்டம். யாருக்கும் பிடிபடவில்லை என்றால்தான் ராஸி பேசுவார். இன்று முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வார்டுகளில் பயிற்சி மருத்துவர், பட்டமேற்படிப்பு மாணவர், பேராசிரியர் என்று ஒருவர் பின் ஒருவராகக் கட்டிலருகே வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஏழை நோயாளிகளிடம் அவர் இரக்கமாக நடந்துகொண்டார், பலருக்குத் தம் கையிலிருந்தே படி கொடுத்தார் என்றும் அதே பதிவில் இருக்கிறது. எப்போது போய்ப் பார்த்தாலும் எதையாவது எழுதிக்கொண்டோ, படியெடுத்துக்கொண்டோ இருப்பாராம். மொச்சை, அவரை போன்ற பயறுகளை அதிகம் சாப்பிட்டதால் கண்ணில் எப்போதும் நீர் கசிந்துகொண்டிருக்கும் என்பதுவரை இப்னுந் நதீம் விடவில்லை.

மருத்துவர் கிடைக்காத எளிய மக்களுக்காக அவர் தனியாக ஒரு நூல் எழுதினார். அரண்மனையில் அல்ல, சாதாரண வீட்டு அடுக்களையில் கிடைக்கும் பொருள்களை வைத்து என்ன செய்யலாம் என்பது அதன் விஷயம். ரோஜா பூக்கும் வசந்த காலத்தில் மட்டும் அபூ ஜைத் அல்பல்கீ என்ற அறிஞருக்கு ஏன் மூக்கில் நீர் வடிகிறது என்று ஆராய்ந்து ஒரு சிறு ஏடு எழுதினார். இன்று நாம் அலர்ஜி என்கிற விஷயம் அது. ரய் நகர ஆளுநர் மன்சூர் பின் இஸ்ஹாக்கின் பெயரால் எழுதிய கிதாபுல் மன்சூரீ, பின்னாளில் ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக இருந்தது.

ஆனால் அவர் பெயர் மருத்துவ வரலாற்றில் அழியாமல் நிற்பதற்குக் காரணம் அளவில் சிறிய ஒரு நூல். ஜுதரீ, ஹஸ்பா ஆகிய இரண்டு நோய்களைப் பற்றியது. ஜுதரீ என்பது பெரியம்மை. ஹஸ்பா என்பது தட்டம்மை. நம் பக்கம் மணல்வாரி என்றும் சொல்வார்கள்.

நம் மொழியில் இதன் அருமை இன்னும் தெளிவாகப் புரியும். காரணம், நமக்கு எல்லாமே அம்மைதான். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, புட்டாளம்மை. உடம்பில் தடிப்போ கொப்புளமோ காய்ச்சலோடு வந்தால் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவோம். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றையும் உண்டாக்கும் வைரஸ்கள் முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ராஸிக்கு வைரஸ் தெரியாது. உருப்பெருக்கிக் கண்ணாடி வருவதற்கே இன்னும் ஏழு நூற்றாண்டுகள் இருந்தன. அவரிடம் இருந்தது கண்ணும் கையும் காகிதமும்தான்.

14 அத்தியாயங்கள் கொண்ட அந்த நூலில் அவர் செய்தது என்னவென்றால், தடிப்பு வெளிப்படுவதற்கு முன்பே எந்த நோய் வரப்போகிறது என்று கண்டுபிடிக்க முயன்றார். விடாத காய்ச்சல், முதுகுவலி, மூக்கில் அரிப்பு, தூக்கத்தில் திடுக்கிட்டு விழிப்பது, முகமும் கண்ணும் சிவப்பது என்று அடையாளங்களை வரிசைப்படுத்தினார். முதுகுவலி பெரியம்மைக்கே உரிய அடையாளம், தட்டம்மையில் அது அவ்வளவாக இராது. தட்டம்மையிலோ குமட்டலும் பதற்றமும் மனத்தவிப்பும் மிகுதி என்று பிரித்து எழுதினார். நூற்றுக்கணக்கான குழந்தைகளின் படுக்கையருகே உட்கார்ந்து பார்க்காமல் இதை எழுத முடியாது. இந்த இரு நோய்களுக்கென்றே எழுதப்பட்டு நம் கைக்குக் கிடைத்திருக்கும் பழைய நூல்களில் இப்படித் தெளிவாகப் பிரித்துக் காட்டியது இதுதான்.

அவர் சொன்ன காரணம் தவறு. குழந்தையின் இரத்தம் புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாறு போன்றது, அது வளரும்போது நுரைத்துப் பொங்குகிறது, அந்தப் பொங்கலே அம்மையாக வெளிப்படுகிறது என்று அவர் நினைத்தார். இட்லி மாவு புளித்துப் பொங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நோய்களும் அந்த ஒரே இரத்தக் கோளாறிலிருந்து பிறந்த உறவினர்கள் என்பதுதான் அவர் எண்ணம். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகிறது என்ற கருத்து அதில் இல்லை. ஆனால் அந்தத் தவறான விளக்கத்துக்குப் பின்னால் சரியான ஒரு கவனிப்பு இருந்தது. பொங்கி அடங்கிய சாறு மறுபடி பொங்காது. அதாவது, இது பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தில் வரும் நோய், ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வருவது அரிது என்று அவர் கண்டிருந்தார். தடுப்பாற்றல் என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பு அதன் நிழலைப் பார்த்துவிட்டார்.

சிகிச்சைப் பகுதியில் என்னைக் கவர்ந்தது கண்களுக்கு அவர் தந்த முக்கியத்துவம். அம்மையின் அறிகுறி தெரிந்த உடனேயே கண்ணைக் காப்பாற்றுங்கள் என்பது அவர் வழிமுறை. பன்னீர்ச் சொட்டு, தொண்டைக்கு மாதுளைச் சாற்றில் கொப்பளிப்பு, குடிக்க பார்லிக் கஞ்சித் தெளிவு. தழும்பு மறைவதற்கான வழிகளுக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். தட்டம்மை இன்றும் உலகின் ஏழை நாடுகளில் குழந்தைகளின் பார்வையைப் பறிக்கும் நோய்களில் ஒன்று. இப்போது அதற்கு வைட்டமின் ஏ கொடுக்கிறார்கள். தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வேப்பிலையைக் கட்டி, வெளியாள் யாரையும் உள்ளே விடாமல், பிள்ளையைத் தனியே படுக்கவைக்கிறோம். ஒதுக்கிப் படுக்கவைப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் அம்மை போட்டிருக்கும்போது மருந்தே கொடுக்கக் கூடாது என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்து, தொழுகையாளி வீடுகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. சளி நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்கும் பிள்ளையைக்கூட அம்மை இறங்கட்டும் என்று வீட்டில் வைத்திருக்கிறார்கள். தட்டம்மையில் குழந்தைகள் சாவது பெரும்பாலும் தடிப்பால் அல்ல, அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும்தான்.

ராஸியின் அந்தச் சிறு நூல் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் போனது. 1766-இல் லண்டனில் அரபு மூலமும் லத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்த்து அச்சிட்டார்கள். 1848-இல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் ஆண்ட பக்தாதின் மருத்துவ உலகம் அதற்குள் மங்கிவிட்டிருந்தது. ஆனாலும் ஜென்னரின் பசு அம்மைத் தடுப்பு மருந்து இந்தியாவுக்கு வந்த பாதை வியப்பானது. வியன்னாவிலிருந்து இஸ்தான்புல், அங்கிருந்து பக்தாத், பிறகு பஸரா, அங்கிருந்து கப்பலில் பம்பாய். ஒரு குழந்தையின் கையிலிருந்து அடுத்த குழந்தையின் கைக்கு என்று உயிரோடு கடத்திக் கொண்டுவந்த அந்த மருந்து 1802 ஜூன் மாதம் பம்பாயில் ஒரு மூன்று வயதுச் சிறுமிக்குப் போடப்பட்டது. அதே ஆண்டில் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. பின்னாளில் கிண்டியில் தொடங்கப்பட்ட கிங் நிலையம் கன்றுகளிலிருந்து அந்த மருந்தைத் தயாரித்து நம் மாவட்டங்களுக்கெல்லாம் அனுப்பியது. தோளில் வட்டத் தழும்போடு இருக்கும் நம் நன்னிமார்கள் அதன் சாட்சி. 1975 மே மாதம் அஸ்ஸாமின் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் வங்கதேசத்திலிருந்து வந்த ஓர் ஏழைப் பெண்ணிடம் கண்டறியப்பட்டதுதான் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை. 1977-இல் சோமாலியாவின் மெர்க்கா ஊரில் அலீ மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரருக்கு வந்தது, இயற்கையாகப் பரவிய பெரியம்மையில் உலகின் கடைசி. ஊசி வலிக்கும் என்று பயந்து தடுப்பூசி போடாமல் தப்பித்து வந்தவர் அவர். பிழைத்துக்கொண்டு, பிறகு தம் நாட்டில் போலியோ சொட்டு மருந்துக்காகத் தாய்மார்களிடம் வீடுவீடாகப் போய்ப் பேசினார். 2013-இல் அந்தப் பணியில் இருந்தபோதே மலேரியா கண்டு இறந்தார்.

ராஸி எழுதிய இரண்டில் ஒன்று போய்விட்டது. மற்றொன்று, ஹஸ்பா, இன்னும் இருக்கிறது. 2023-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 1,07,500 பேர் தட்டம்மையால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு; பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். தடுப்பூசி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்பிவிடுவார். கொரோனாகூட முதலில் வந்தபோது இந்த வேகத்தில் பரவவில்லை.

இந்த நோயைப் பற்றி அண்மையில் வந்த ஆராய்ச்சிகளைப் பார்த்தால் ராஸி மகிழ்ந்திருப்பார் என்று தோன்றுகிறது. பெர்லினில் 1912 முதல் பாதுகாக்கப்பட்டு வந்த ஒரு நுரையீரல் துண்டிலிருந்து தட்டம்மை வைரஸின் மரபுக்குறிப்பைப் படித்தவர்கள், 2020-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மாடுகளுக்கு வரும் வெக்கை நோயின் வைரஸும் இதுவும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை, அந்தப் பிரிவு கி.மு. ஆறாம் நூற்றாண்டு அளவிலேயே நடந்திருக்கலாம் என்பது அது. மாடு கட்டியிருக்கும் நம் விழுப்புரத்துக் கிராமங்களின் பெரியவர்களுக்கு வெக்கை நோயை நன்றாகத் தெரியும். அதையும் 2011-இல் உலகிலிருந்தே ஒழித்தாகிவிட்டது. மாட்டுக்கு ஒழிந்தது, மனிதனுக்கு ஒழியவில்லை.

இன்னொரு ஆராய்ச்சி அதைவிடக் கவலை தருவது. நெதர்லாந்தில் மத நம்பிக்கையின் பெயரால் தடுப்பூசி போடாத ஒரு கிறித்தவச் சமூகம் இருக்கிறது. அங்கே 2013-இல் தட்டம்மை பரவியபோது 77 குழந்தைகளின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 2019-இல் வந்த முடிவு: மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் உடல் முன்பு சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்துபோயிருந்தன. தட்டம்மை வந்துபோன பிள்ளையின் உடல், தான் கற்ற பாடத்தை மறந்துவிடுகிறது. ஓதி முடித்த ஜுஸ்உகளை ஹாஃபிழ் பிள்ளை ஒரே வாரத்தில் மறந்துவிட்டது போல. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எந்தக் காய்ச்சலும் அந்தப் பிள்ளையை எளிதில் வீழ்த்தும்.

நம் ஊரில் 2017 பிப்ரவரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி என்று தமிழக அரசு அறிவித்தபோது வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள் எத்தனை. விழுப்புரத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் கைபேசியை நீட்டிக்கொண்டு நாலைந்து பேர் நிற்பார்கள். இது நம் சந்ததியைக் குறைக்கும் ஊசியாமே, ஹஜ்ரத் என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. திண்டிவனத்தில் ஊசி போடும் நாளன்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாத வீடுகளும் இருந்தன. ஆட்டிசம் வரும் என்பது இன்னொரு வதந்தி. 1998-இல் அப்படிச் சொன்ன இங்கிலாந்து மருத்துவரின் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வந்த ஆய்வில் அத்தகைய தொடர்பு எதுவும் தென்படவில்லை.

ஹலால், ஹராம் கேள்வியையும் மழுப்பாமல் சொல்லிவிடுவது ஆலிம்களின் கடமை. இந்தியாவில் தயாராகும் இதே தடுப்பூசியைப் பற்றி 2018 ஆகஸ்டில் இந்தோனேசிய உலமா கவுன்சில் ஃபத்வா வெளியிட்டது. தயாரிப்பில் பன்றி சார்ந்த பொருள் பயன்பட்டிருக்கிறது, ஆகவே அது ஹராம். ஆனால் ஹலாலான மாற்று இல்லாத நிலையில், போடாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று நம்பகமான நிபுணர்கள் சொல்வதால் ளரூரத் அடிப்படையில் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு என்றது அந்த ஃபத்வா. மக்கள் முதல் பாதியைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆச்சே மாகாணத்தில் தடுப்பூசி போடுவது வெகுவாகக் குறைந்தது. ஒரு ஃபத்வாவை முழுக்க வாசிக்காமல் பரப்பினால் என்ன ஆகும் என்பதற்கு மதரஸா மாணவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

2020-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனா பரவிய முதல் மாதங்களில் நோயைவிட வேகமாக நம் சமுதாயத்தின் மீது பழி பரவியது. தாடியைப் பார்த்து விலகிப்போனார்கள், நம்மவர் வண்டியில் காய்கறி வாங்கத் தயங்கினார்கள். அந்தக் காயம் உண்மையானது. சுகாதார ஊழியர் கதவைத் தட்டினாலே சந்தேகப்படும் மனநிலை அதனால் பல வீடுகளில் கெட்டிப்பட்டது. ஊரடங்கும் சேர்ந்துகொள்ள, வழக்கமான தடுப்பூசிகள் உலகெங்கும் தவறின. 2021-இல் மட்டும் சுமார் 4 கோடி குழந்தைகள் தட்டம்மைத் தடுப்பூசியில் ஒரு தவணையைத் தவறவிட்டார்கள். விளைவு 2022 இறுதியில் மும்பையில் தெரிந்தது. கோவண்டி போன்ற நெருக்கடியான குடிசைப் பகுதிகளில், நம் மக்கள் மிகுதியாக வாழும் தெருக்களில், தட்டம்மை பரவிப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். நம் மீது பழி சொன்னவர்களின் பிள்ளைகளல்ல அவர்கள்.

மக்கள் ஏன் நல்ல மருத்துவரை விட்டுவிட்டுப் போலிகளிடம் ஓடுகிறார்கள் என்ற கேள்வி ராஸியையும் விடவில்லை. அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். திறமையான மருத்துவராலும் எல்லா நோயையும் குணப்படுத்த முடியாது என்று காட்டவும் தனியாக ஒன்று எழுதினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தம் தொழிலின் எல்லையை மறைக்காத ஒரு மனிதர் தெரிகிறார். மூளைக் காய்ச்சலுக்கு முன்னோடியான அறிகுறிகளோடு வந்தவர்களில் ஒரு கூட்டத்துக்கு இரத்தம் எடுக்கும் சிகிச்சை செய்து, இன்னொரு கூட்டத்துக்கு வேண்டுமென்றே செய்யாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததாக அவர் குறிப்புகளில் இருக்கிறது. ஊசி போட்ட மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல், ஆகவே ஊசியால் கெடுதல் என்று முடிவு கட்டுவதற்கு முன்பு, போடாத பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று கேட்க வேண்டும் என்ற அறிவு அது. அவரது ஆசான் நிலையில் இருந்தவர் கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ். அந்த ஆசான் மீது தமக்கிருந்த ஐயங்களைத் தொகுத்தும் ராஸி ஒரு நூல் எழுதினார். ஆசானை மறுப்பது மரியாதைக் குறைவு என்றவர்களுக்கு, ஜாலீனூஸே தம் முன்னோரை அப்படித்தான் சோதித்தார் என்பது அவர் பதில்.

அவருடைய அகீதா பற்றி ஒரு வார்த்தை. அவரை வலியுல்லாஹ் போலப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், பெயரையே எடுக்கக் கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். நுபுவ்வத்தைப் பற்றி அவர் சொன்னதாக வரும் கருத்துகள் நமக்கு ஏற்புடையவை அல்ல. அவை நம்மிடம் வந்தது பெரும்பாலும் அவரை எதிர்த்து வாதிட்ட இஸ்மாயிலிய அறிஞர் அபூ ஹாதிம் அர்ராஸியின் நூல் வழியாக. அவரும் அதே ஊர்க்காரர். முன்னோரான அறிஞர்கள் அந்தக் கருத்துகளை மறுத்தார்கள், மருத்துவத்தை எடுத்துக்கொண்டார்கள். பீரூனியும் அவரது சமயக் கருத்துகளைக் கண்டித்துவிட்டுத்தான் நூற்பட்டியலை எழுதினார். இந்த நிதானம் இன்று நம்மிடம் குறைவு.

கடைசி ஆண்டுகள் துயரமானவை. கண்களைக் காப்பாற்றச் சொன்னவரின் கண்கள் மங்கின. ரசவாதம் பலிக்கவில்லை என்று கோபப்பட்ட ஆளுநர் தலையில் அடித்ததால் பார்வை போனது என்று ஒரு கதை சுற்றுகிறது. அதை நம்புவதற்கில்லை. அவரே எழுதிய வாழ்க்கைக் குறிப்பு வேறு காரணம் சொல்கிறது. தாயத்தில் எழுதுவது போன்ற பொடி எழுத்தில் ஒரே ஆண்டில் 20,000 பக்கங்களுக்கு மேல் எழுதியதாகவும், பெரிய தொகுப்பு ஒன்றுக்காக 15 ஆண்டுகள் இரவு பகலாக உழைத்ததில் பார்வை தளர்ந்து கையின் தசையும் கெட்டதாகவும், பிறரை வாசிக்கவும் எழுதவும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வதாகவும் அதில் சொல்கிறார். கண்புரையை அறுவை செய்ய ஒரு மருத்துவர் வந்தபோது, கண்ணுக்கு எத்தனை படலங்கள் என்று கேட்டாராம். வந்தவருக்குத் தெரியவில்லை. அது தெரியாதவரின் கருவி என் கண்ணைத் தொட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார் என்பார்கள். வேறு சிலர் வற்புறுத்தியபோது, உலகத்தைப் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது என்று மறுத்தாராம். ஹிஜ்ரி 313 ஷஅபானில், கி.பி. 925-இல், பிறந்த ரய்யிலேயே இறந்தார். செல்வம் எதுவும் சேர்த்துவைக்கவில்லை.

விட்டுச் சென்றது காகிதங்களைத்தான். நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், கிரேக்க, சிரியாக், இந்திய நூல்களிலிருந்து எடுத்தெழுதியவை, தம் கருத்துகள் என்று குவிந்துகிடந்த அவை அவருடைய சகோதரியிடம் இருந்தன. புவைஹி அரசின் அமைச்சர் இப்னுல் அமீத் பெரும் பொருள் கொடுத்து அவரிடமிருந்து அவற்றை வாங்கினார். ராஸியின் மாணவர்களைக் கூட்டி ஒழுங்குபடுத்தச் செய்தார். அப்படிப் பிறந்ததுதான் அல்ஹாவீ. சிசிலித் தீவில் ஃபரஜ் பின் ஸாலிம் என்ற யூத மருத்துவர் 1279-இல் அதை லத்தீனில் பெயர்த்து முடித்தார். அரபு மூலம் முழுதாக அச்சேறியது கெய்ரோவிலோ தெஹ்ரானிலோ அல்ல. நம் ஹைதராபாதின் தாயிரதுல் மஆரிஃப் நிறுவனம் 1955-இல் தொடங்கி 23 பாகங்களாக அதை வெளியிட்டது.